கையில் இல்லாத ஊரைக் கொடுத்தவர்

அரசலாற்றங்கரை: காரைக்கால் வரலாற்றுத் தொடர் – 9

நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் வருகிறவருக்கு வாஞ்சூர் வந்துவிட்டதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரத்து மதுக்கடைப் பலகைகளே சொல்லிவிடும். வடக்கிலிருந்து வந்தால் நண்டலாற்றைத் தாண்டியதும் அதே காட்சி. வயலும் ஒன்று, வாய்க்கால் தண்ணீரும் ஒன்று, பேச்சும் ஒன்று. ஆனால் நடுவில் ஒரு மாநில எல்லை ஓடுகிறது. இந்த எல்லையைப் போட்டது யார்? பிரெஞ்சுக்காரர் என்பது பள்ளிக்கூடத்து விடை. அதற்கு முன்னால் இன்னொரு விடை இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனையில், ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்குள் மூண்ட பங்காளிச் சண்டை அது.

சென்ற இதழில் இந்தக் கரையை ஒரு சுற்று பார்த்தோம். தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர். நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டு 1658 முதல் டச்சுக்காரர். பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரி இருந்தது. ஆனால் காவிரி நெல்லும் துணியும் இறங்கும் தஞ்சைக் கரையில் கால் வைக்க ஒரு சாண் நிலம் இல்லை. கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். தஞ்சை அரசர்கள் கொடுக்கவில்லை. 1738ல் ஒருவர் கொடுத்தார். கொடுத்தபோது அந்த ஊர் அவர் கையில் இல்லை. அவர் பெயர் சாயாஜி. பிரெஞ்சு ஏடுகளில் அவர் சாகுஜி.

அவர் ஏன் கொடுத்தார் என்று தெரிய, அவருடைய வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

*

தஞ்சை போஸலே குடும்பம் தொடங்கியதே பங்குப் பேச்சில்தான். சத்ரபதி சிவாஜியும் ஏகோஜியும் ஒரே தந்தையின் மக்கள்; தாய் வேறு. ஷாஜி போஸலேயின் மூத்த மனைவி ஜீஜாபாய் பெற்றவர் சிவாஜி, இளையவள் துக்காபாய் பெற்றவர் ஏகோஜி. பீஜப்பூர் சுல்தானின் படையோடு தெற்கே வந்த ஏகோஜி 1670களின் நடுவில் தஞ்சையைத் தனதாக்கிக்கொண்டார். 1677ல் சிவாஜி பெரும்படையோடு கொள்ளிடக் கரைக்கு வந்து, திருமழபாடியில் தம்பியைச் சந்தித்தார். கேட்டது ஒன்றே: அப்பா விட்டுப்போன சொத்தில் என் பாதி எங்கே? பதில் சொல்லாமல் ஏகோஜி ஓர் இரவில் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைக்கு ஓடிவந்துவிட்டார். மராட்டியர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்துவிடுவார்கள். நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். ஒரு தகப்பன், இரு தாய், ஒரு சொத்து. இதே கணக்கு அறுபது ஆண்டு கழித்துத் திரும்ப வரும்.

ஏகோஜிக்கும் தீபாபாய்க்கும் மூன்று மகன்கள்: சகஜி, சரபோஜி, துக்கோஜி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதாலோ என்னவோ, இவர்களுக்குள் சண்டையில்லை. மூத்தவர் 1684 முதல் 1712 வரை ஆண்டார், பிள்ளையில்லாமல் போனார். நடுவர் 1728 வரை, அவருக்கும் வாரிசில்லை. கடைசித் தம்பி துக்கோஜி 1736 வரை. சகஜி திருவிசநல்லூரில் பண்டிதர்களுக்கு ஊரே கொடுத்தவர். துக்கோஜி ‘சங்கீத சாராம்ருதம்’ என்ற இசை நூல் எழுதியவர். வரிசையாக மூன்று அண்ணன் தம்பிகள் ஐம்பத்திரண்டு ஆண்டு ஆண்ட வீடு அது. அதன் பிறகு வந்த மூன்று ஆண்டுகளுக்குள் அதே அரியணையில் நான்கைந்து பேர் ஏறி இறங்கினார்கள்.

காரணம், துக்கோஜியின் பிள்ளைகள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லர். மூத்தவர் இரண்டாம் ஏகோஜி. அரண்மனையில் பாவா சாகிப் என்பார்கள். தந்தைக்குப் பிறகு பட்டமேறி ஓர் ஆண்டுகூட நிறைவாக ஆளவில்லை, இறந்துபோனார். அவருடைய மனைவி சுஜான் பாய் ஆட்சியைக் கையில் எடுத்தார். மீதியிருந்த இருவர் சாயாஜியும் பிரதாபசிங்கும். சாயாஜியின் தாய் ராணி. பிரதாபசிங்கின் தாய் அன்னபூர்ணா, வாளுக்கு மாலையிட்டவர்.

*

வாளுக்கு மாலையிடுவதா என்று கேட்கலாம். அந்நாளைய அரச வீடுகளில் அது ஒரு வழக்கம். தஞ்சை மோடி எழுத்து ஆவணங்களைப் படித்தவர்கள் இதைக் கத்திக் கல்யாணம் என்பார்கள். அரசர் தம் குலத்துக்கு வெளியே ஒரு பெண்ணைக் கொள்ளும்போது தாமே மணமேடையில் உட்கார மாட்டார். அவருடைய வாள் போகும். அந்த வாளுக்குப் பக்கத்தில் பெண்ணை உட்காரவைத்து மணம் முடிப்பார்கள். அவளை ஆசைநாயகி என்று தள்ளவும் முடியாது, பட்டத்து ராணி என்று சொல்லவும் முடியாது. அவள் பெற்ற பிள்ளைக்குச் சோறும் சீரும் உண்டு, பட்டம் உண்டா என்றால் ஊர் இரண்டாகப் பேசும். யாருக்குப் படை அதிகமோ அவர் பக்கத்துச் சாஸ்திரம் அன்றைக்குச் செல்லும்.

இது தஞ்சாவூருக்கு மட்டும் உரிய தலைவலி இல்லை. இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டு அரசரின் மகன் ஜான் ஆஃப் காண்ட், லங்காஸ்டர் பிரபு. மனைவி இருக்கும்போதே காதரின் ஸ்வின்ஃபோர்டு என்ற பெண்ணிடம் அவருக்கு நான்கு பிள்ளைகள். போஃபோர்ட் என்று அவர்களுக்குக் குடும்பப் பெயர். 1396ல், முதுமையில், ஜான் அவளை முறைப்படி மணந்தார். மறு ஆண்டு அரசரும் பாராளுமன்றமும் அந்தப் பிள்ளைகளை முறைப் பிள்ளைகள் என்று அறிவித்தார்கள். 1407ல் அந்த அறிவிப்பில் ‘அரச பதவி நீங்கலாக’ என்று ஒரு சொற்றொடரைச் செருகினார் நான்காம் ஹென்றி. அவர் யார்? அதே ஜானின் மூத்த மனைவி மகன். போஃபோர்ட் பிள்ளைகளுக்கு மாற்றாந்தாய் மகன். செருகிய சொல் எத்தனை நாள் தாங்கியது? 1485ல் அதே போஃபோர்ட் வழிப் பெண்ணின் மகன், ஹென்றி டியூடர், போர்க்களத்தில் வென்று முடிசூடிக்கொண்டார். தேம்ஸ் ஆனாலும் வெண்ணாறு ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: யார் வயிற்றுப் பிள்ளை? விடை சொன்னது மட்டும் எங்கேயும் வாள்தான்.

தஞ்சையில் அந்த வாள் அப்போது சையது என்ற கோட்டைக் காவலர் கையில் இருந்தது. அரசர்களைத் தூக்கி உட்காரவைப்பதும் இறக்கிவிடுவதும் அவர் வேலையாகவே ஆகியிருந்தது. சுஜான் பாயை இறக்கினார்கள். இடையில் ‘காட்டுராஜா’ என்று ஒருவர் வந்தார். பிள்ளையில்லாமல் இறந்த முதலாம் சரபோஜிக்குத் தாம் ரகசியமாகப் பிறந்து காட்டில் வளர்ந்த மகன் என்றார். இவருக்கும் ஷாஜி என்றே பெயர். இதனால் பிற்கால நூல்களில் காட்டுராஜாவும் சாயாஜியும் ஒருவருக்குள் ஒருவர் புகுந்துகொள்வதும் உண்டு. பிரெஞ்சு, ஆங்கிலக் கம்பெனிகளிடம் போய் நின்றவரைத் துக்கோஜியின் மகன் என்றே பழைய வரலாறுகள் பலவும் சொல்கின்றன. இத்தொடரும் அந்த வழியிலேயே போகிறது.

*

1738ல் சாயாஜி பட்டமேறினார். ஏறிய வேகத்தில் இறக்கப்பட்டார். கொள்ளிடத்துக்கு வடக்கே தப்பிவந்தவர் யோசித்திருப்பார்: குதிரை இல்லை, பணம் இல்லை, கோட்டைக்குள் ஆள் இல்லை. இருந்தது ஒன்று. ‘நான் ராணி மகன்’ என்ற சொல். அந்தச் சொல்லை வாங்கக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

புதுச்சேரியில் அப்போது கவர்னர் பெனுவா துமா. அலட்டிக்கொள்ளாத மனிதர், சண்டையைவிடக் கணக்கில் கெட்டி. சாயாஜியின் ஆட்கள் அவரிடம் போய்ப் பேசினார்கள். பேரம் படிந்தது. துமா பணமும் தளவாடமும் கொடுத்து உதவ வேண்டும். சாயாஜி தஞ்சைக்குத் திரும்பியதும் காரைக்கால் நகரையும், கருக்களாச்சேரிக் கோட்டையையும், சுற்றியுள்ள ஐந்து ஊர்களையும் தந்துவிட வேண்டும். விலை 40,000 சக்கரம். சக்கரம் என்பது அன்று தஞ்சைச் சீமையில் வழங்கிய பணம். ஐந்து ஊர்களின் பெயரைச் சொன்னால் காரைக்கால்காரருக்குப் பழகிய பெயர்கள்தான்: கீழையூர், மேலையூர், புதுத்துறை, கோவில்பத்து, திருமலைராயன்பட்டினம்.

துமாவின் உதவி வந்து சேருவதற்குள் கதை திரும்பிவிட்டது. சாயாஜி உள்ளூர்ப் பெரிய மனிதர்களைச் சரிக்கட்டித் தாமாகவே அரியணையில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும், கொடுத்த வாக்கு கசந்தது. காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல்களுக்கு இறங்க அனுமதி இல்லை. நாகப்பட்டினத்து டச்சுக்காரர் வேறு காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள்: பிரெஞ்சுக்காரரைப் பக்கத்தில் விட்டால் நமக்கும் ஆபத்து, உமக்கும் ஆபத்து. இன்று, நாளை என்று நாள் கடந்தது.

சாயாஜியை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் நிலையில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். விரட்டப்பட்ட சாயாஜிக்குக் காரைக்கால் ஒரு வெறும் பெயர். அதைக் கொடுப்பதில் அவருக்கு எந்தச் செலவும் இல்லை. அரசரான சாயாஜிக்கோ அது துறைமுகம், சுங்கம், உப்பு, நெல். கையில் இல்லாதபோது கொடுப்பது எளிது. கையில் வந்த பிறகுதான் அதன் கனம் தெரியும்.

*

இந்த இடத்தில் சந்தா சாகிப் உள்ளே வருகிறார். இவரும் உறவினால் உயர்ந்தவர். ஆற்காடு நவாப் தோஸ்து அலியின் மருமகன். 1736ல் திருச்சிராப்பள்ளியில் மதுரை நாயக்கர் வழியின் கடைசி அரசி மீனாட்சியும், அவருக்கு எதிராக வாரிசு உரிமை பேசிய வங்காரு திருமலையும் மோதிக்கொண்டிருந்தபோது நடுவில் புகுந்து கோட்டையையே எடுத்துக்கொண்டவர். பங்காளிச் சண்டையில் மத்தியஸ்தத்துக்கு வருகிறவன் வீட்டை எடுத்துக்கொண்டு போவான் என்பதற்குத் திருச்சியே சாட்சி. அடுத்தபடி அவர் கண் தஞ்சை மேல் இருந்தது. துமாவுக்கு நண்பர்.

துமாவிடம் அவர் சொன்னது இதுதான்: அந்தக் காரைக்காலை நானே பிடித்துத் தருகிறேன், உங்கள் சிப்பாய் ஒருவர்கூட வரவேண்டாம். சந்தா சாகிப்பிடம் வேலைபார்த்த பிரான்சிஸ்கோ பெரேரா என்பவர் படையோடு வந்தார். 1739 பிப்ரவரி 6ல் கருக்களாச்சேரிக் கோட்டை விழுந்தது. எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 14ல், பிரெஞ்சுக்காரர் காரைக்காலில் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். ஒரு பிரெஞ்சுத் துப்பாக்கி வெடிக்கவில்லை.

சந்தா சாகிப்பின் படை முன்னால் சாயாஜிக்கு வழி இல்லை, வாக்கைக் காப்பாற்றினார். ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தினார். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் சையது மறுபடி அரியணையைக் கவிழ்த்தார். இம்முறை உட்கார்ந்தவர், வாளுக்கு மாலையிட்ட அன்னபூர்ணாவின் மகன் பிரதாபசிங்.

அரசராக்கிய சையதைப் பிரதாபசிங் அதிக நாள் வைத்திருக்கவில்லை. ராஜாக்களை மாற்றிப் பழகிய கை தம்மையும் ஒருநாள் மாற்றும் என்று தெரிந்தவர் அவர்; சையது கொல்லப்பட்டார். அதன் பிறகு பிரதாபசிங் 1763 வரை, இருபத்துநான்கு ஆண்டு அசையாமல் ஆண்டார். பிறப்பைப் பற்றிக் கேள்வி கேட்டவர்களுக்கு அவர் தந்த மிக நல்ல விடை அந்த ஆண்டுக்கணக்குதான்.

காரைக்காலைத் திருப்பிக் கேட்டாரா? இல்லை. புது அரசருக்கும் பணம் வேண்டியிருந்தது. பங்காளி ஐந்து ஊர் கொடுத்தாரென்றால், இவர் கடனும் பணமும் பேசி 1740ல் மேலும் எட்டு ஊர்களைச் சேர்த்துக் கொடுத்தார். நிரவி, தருமபுரம், போலகம், ஊழியபத்து அவற்றில் உண்டு. நாம் பேருந்தில் தாண்டிவந்த வாஞ்சூரும் உண்டு. ஒருவரை விரட்டி ஒருவர் வந்தாலும் துமாவின் கணக்கில் வரவு மட்டும் கூடிக்கொண்டே போனது.

*

சாயாஜி பத்து ஆண்டு காத்திருந்தார். 1749ன் தொடக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் கோட்டை வாசலில் வந்து நின்றார். பழைய கதையேதான். நான்தான் முறையான வாரிசு. என்னை அரியணையில் ஏற்றினால் கொள்ளிடத்தின் வாயிலுள்ள தேவிக்கோட்டையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் தருகிறேன், படைச் செலவும் என்னுடையது. மக்கள் எல்லோரும் என் பக்கம், போனதும் எழுந்து வருவார்கள் என்றும் சொன்னார். பிரதாபசிங்கை அதுவரை தஞ்சை அரசராக ஏற்றுக் கடிதம் எழுதிவந்த அதே கம்பெனி, சாயாஜியின் வார்த்தையை நம்பியது. அல்லது தேவிக்கோட்டைத் துறையை நம்பியது.

ஏப்ரலில் காப்டன் கோப் தலைமையில் முதல் படை போனது. அதே நாள்களில் கடலில் ஒரு புயல் எழுந்தது. அட்மிரல் போஸ்கவனின் கொடிக்கப்பல் ‘நாமூர்’ எழுநூறுக்கும் மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியது. ‘பெம்புரோக்’ கப்பலும் போயிற்று. கரையில் கோப் பார்த்தது வேறொரு வெறுமை. எழுந்து வருவார்கள் என்ற மக்களில் ஒருவரும் வரவில்லை. பத்து ஆண்டுக்கு முன் சில மாதம் ஆண்ட ராணி மகனுக்காக, கோடை உழவை விட்டுவிட்டு யார் வருவார்கள்? படை திரும்பியது.

போன மானத்தை மீட்கக் கம்பெனி இரண்டாம் படையை அனுப்பியது. தலைவர் மேஜர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ். கோட்டைச் சுவரில் விழுந்த உடைப்பை நோக்கி முன்னணியில் ஓடிய இளம் லெப்டினன்டுக்கு வயது இருபத்துமூன்று. தஞ்சைக் குதிரைப்படை பக்கவாட்டில் பாய்ந்து அவருடைய ஆட்களில் பெரும்பாலோரை வெட்டிச் சாய்த்தது. அவர் மயிரிழையில் தப்பினார். பெயர் ராபர்ட் கிளைவ். பிளாசி நடக்க அப்போது இன்னும் எட்டு ஆண்டு.

ஜூனில் தேவிக்கோட்டை விழுந்தது. வேண்டியது கிடைத்துவிட்டதால் ஆங்கிலேயர் பிரதாபசிங்கிடம் சமாதானம் பேசினார்கள். தேவிக்கோட்டையும், ஆண்டுக்கு 9,000 வராகன் வருமானமுள்ள நிலமும் கம்பெனிக்கு. படைச் செலவைப் பிரதாபசிங் தருவார். சாயாஜிக்கு? ஆண்டுக்கு 4,000 ரூபாய் உதவித்தொகை. அதையும் பிரதாபசிங்கே தருவார். ஒரு நிபந்தனை: சாயாஜி இனித் தஞ்சைப் பக்கம் தொல்லை கொடுக்காதபடி ஆங்கிலேயர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழக்குப்போட வந்தவரையே காவலில் வைப்பதாக வக்கீல் எதிர்க்கட்சிக்கு எழுதிக்கொடுத்தால் எப்படியிருக்கும், அப்படி. சாயாஜி அந்தக் காவலிலிருந்து தப்பி ஓடினார். கம்பெனி அவருக்குப் பதிலாக அவர் உறவினர் ஒருவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தது. ஒன்பது ஆண்டு.

*

அந்த உறவினரை ஆங்கில ஏடுகள் ‘அங்கிள்’ என்கின்றன. ஆங்கிலத்துக்கு அந்த ஒரு சொல் போதும். நமக்குப் போதாது. பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? பெரியப்பா, சித்தப்பா என்றால் அவரும் போஸலே, அவரும் பங்காளி. அரியணையில் அவருக்கும் ஒரு கண் இருக்கும். மாமா என்றால் தாய்வழி. பிள்ளைக்காக ஓடியாடி வாதாடுகிறவர், தமக்கென்று கேட்கும் உரிமை இல்லாதவர். ஏடுகளில் அவர் பெயர் காட்டிகை என்று வருகிறது. காட்டிகை, மராட்டியில் காட்கே, போஸலேயிலிருந்து வேறான குலம். அந்தப் பெயரை வைத்துப் பார்த்தால் அவர் பெண்வழி உறவுதான்; நம் பேச்சில் மாமா. ராணி மகனுக்கு ராணியின் வீட்டார் துணை நின்றதில் வியப்பில்லை. வாளுக்கு மாலையிட்டவர் மகனுக்கு அப்படி வந்து நிற்கச் சம்பந்தி வீட்டுப் படை கிடையாது. ஆனாலும் வென்றவர் அவர்தான்.

1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்தைப் பிடித்தார். கோட்டைக்குள் அடைபட்டிருந்த அந்தப் பெரியவர் அவர் கண்ணில் பட்டார். லாலிக்கு அப்போது வேண்டியது பணம். 1749ன் கடைசியில் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் தஞ்சையை முற்றுகையிட்டபோது, காரைக்காலைச் சேர்ந்த 81 ஊர்களையும், பெருந்தொகைக்கான ஒரு பத்திரத்தையும் பிரதாபசிங் எழுதித் தந்திருந்தார். அதில் 56 லட்சம் ரூபாய் பாக்கி என்பது லாலியின் கணக்கு. பத்திரத்தோடு இந்தப் பெரியவரையும் கையில் எடுத்துக்கொண்டார். பணம் தராவிட்டால் உமக்கு மாற்று ஆள் இதோ என்று காட்டுவதற்கு.

லாலி யார் என்று பார்த்தால் இந்தக் கதையில் இன்னொரு முடிச்சு விழும். பிரெஞ்சுத் தளபதியானாலும் அவர் அயர்லாந்துக் குடும்பம். 1688ல் இங்கிலாந்து அரியணையிலிருந்து விரட்டப்பட்ட இரண்டாம் ஜேம்ஸைப் பின்தொடர்ந்து பிரான்சுக்கு வந்தவர் அவர் தந்தை. அந்த ஜேம்ஸின் மகனை அரியணையில் ஏற்ற 1745ல் ஸ்காட்லாந்தில் நடந்த கலகத்திலும் லாலிக்குப் பங்கு உண்டு. விரட்டப்பட்ட அரசருக்காகத் தலைமுறையாக வாழ்ந்த வீட்டுப் பிள்ளை அவர். அந்த நம்பிக்கை எத்தனை வெறுமையானது என்று அவரைவிடத் தெரிந்தவர் இருக்க முடியாது. அவரே இன்னொரு விரட்டப்பட்ட அரசரின் மாமனைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு காரைக்காலுக்கு வந்தார்.

காரைக்காலில் அவருடைய படைக்குச் சோறில்லை. நாகூரைக் கொள்ளையடித்தார்கள். கீழ்வேளூரில் கோயிலுக்குள் புகுந்து, ஆறு பிராமணர்களை ஒற்றர்கள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இதன் பிறகு தஞ்சைச் சீமையில் யார் இவர்கள் சொல்லும் வாரிசை ஏற்பார்கள்? ஆகஸ்டில் தஞ்சைக் கோட்டைக்கு முன்னால் மருந்தும் தீர்ந்தது, உணவும் தீர்ந்தது. கடலில் ஆங்கிலேயக் கப்பற்படை காரைக்காலைக் குறிவைத்திருப்பதாகச் செய்தி வந்தது. லாலி முற்றுகையை விட்டுவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினார். பாக்கியும் வரவில்லை, அரசரும் மாறவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 1766ல், இந்தியாவை இழந்த குற்றத்துக்காகப் பாரிசில் அவருடைய தலையை வெட்டினார்கள்.

சந்தா சாகிப்பின் கணக்கு அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் வழியற்றுச் சரணடைந்தபோது, அவர் நம்பி வந்து நின்றது தஞ்சைத் தளபதி மானோஜியிடம். உயிருக்கு உறுதி சொன்ன மானோஜியின் ஆட்களே அவர் தலையைக் கொய்தார்கள். மானோஜியின் அரசர் பிரதாபசிங்.

*

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் சுவரில் நீளமாக ஓடும் மராட்டிக் கல்வெட்டைப் பார்த்திருப்பார்கள். போஸலே வம்ச சரித்திரம். 1803ல் இரண்டாம் சரபோஜி வெட்டவைத்தது. அவர் யார்? பிரதாபசிங்கின் மகன் துளஜா சுவீகாரம் எடுத்த பிள்ளை. சுவீகாரம் செல்லாது என்று சொல்லி அவரைத் தள்ளிவிட்டுப் பதினோரு ஆண்டு ஆண்டவர் அமர்சிங். துளஜாவின் மாற்றாந்தாய் மகன். மறுபடி அதே கேள்வி, யார் பிள்ளை? இம்முறை தீர்ப்பு எழுதியது ஆங்கிலக் கம்பெனி. 1798ல் சரபோஜி பட்டமேறினார். 1799ல் தீர்ப்புக்குக் கூலியாக நாட்டையே எழுதிக்கொடுத்தார். அவருக்கு மிஞ்சியது கோட்டையும் உதவித்தொகையும். சாயாஜிக்கு 4,000 ரூபாய், சரபோஜிக்கு லட்சம் வராகன், தொகைதான் வேறு. நாடு போன பின், தம் குலம் இன்னது என்று கல்லில் வெட்டிவைக்க அவருக்கு ஆசை வந்ததில் நியாயம் உண்டு.

அந்தச் சுவர் வென்றவர்களின் வீட்டுச் சுவர். சாயாஜிக்கு அப்படி ஒரு சுவர் வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தது ஒரு சாலை.

அடுத்தமுறை நாகூரிலிருந்து பேருந்து ஏறினால் கவனியுங்கள். முதலில் வாஞ்சூர், பிரதாபசிங் கொடுத்தது. அடுத்து திருமலைராயன்பட்டினம், சாயாஜி கொடுத்தது. மேற்கே ஒதுங்கி நிரவி, மறுபடி பிரதாபசிங். அப்புறம் அரசலாற்றைத் தாண்டிக் காரைக்கால்; சாயாஜி. ஒருவர் ஊரும் மற்றவர் ஊருமாக அடுத்தடுத்து வரும். வாழ்நாளெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாத இரண்டு பங்காளிகளும் கொடுத்துவிட்டுப் போன நிலத்தில் மட்டும் பிரியாமல் கிடக்கிறார்கள். 1954ல் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோதும் அந்தச் சேர்க்கை கலையவில்லை. இன்று ஒரே மாவட்டம்.

அடுத்த இதழில்: 1760ன் கோடையில், லாலியின் சோறில்லாத காரைக்காலை ஆங்கிலேயர் எப்படி முற்றுகையிட்டார்கள் என்று பார்ப்போம்.

(தொடரும்)